மேரி ஊத்துச்சு

வில்லியனூர் சாலையில் மூலக்குளத்தைத் தாண்டி, ஒரு கல்யாண மண்டபமும் இரண்டு பெட்ரோல் பங்கும் கடந்தால் நாவற்பேட்டை. அதை ஊர் என்பதா டவுன் என்பதா என்று அங்கே இருப்பவர்களுக்கே தெரியாது. "மழ பேஞ்சா ஊரு, கரண்ட் பில்லு வந்தா டவுனு" என்பார் டேனியல். இருபது வருடத்துக்கு முன்பு வரை சாலையை ஒட்டி அரங்கநாதனின் கரும்புதான் நின்றது. இப்போது அதே மண்ணில் மூன்று நகர்கள், ஒரு கார்டன், ஒரு அவென்யூ. கார்டனில் செடி இல்லை, அவென்யூவில் மரம் இல்லை, ஆனால் ஆட்கள் நிறைய. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு எல்லோரும் புதுச்சேரிக்குப் போவார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது மேரி தெரு முனையில் வண்டியை நிறுத்தி இட்லி மாவு வாங்குவார்கள்.

மாவு விற்பவள் ஆரோக்கியசெல்வி. பழைய ஊரின் கடைசித் தெரு மேரி தெரு, அதில் முதல் வீடு அவளுடையது. அவள் புருஷன்தான் டேனியல். டைல்ஸ் போட்டே முழங்கால் தேய்ந்த மனுஷன். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடி மாவுப் பாக்கெட் கட்டுகிறார். ஆடி வெயிலில் மாவு சட்டென்று புளித்துப் போகும் என்பதால் ஐஸ் தண்ணீர் தெளித்து அரைப்பாள் ஆரோக்கியசெல்வி. உளுந்து பொங்கியதா என்று பார்க்க ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போடுவாள். மிதந்தால் சரி. ஐம்பத்தேழு வயதில் அவள் தோள் இரண்டும் வண்டி மாட்டுத் தோள் மாதிரி உரமேறியிருந்தன.

ஆனால் ஊர் அவளை வெறும் மாவுக்காரியாக வைத்திருக்கவில்லை. அவள் மேரி வூட்டு மருமகள்.

நூறு வருடத்துக்கு மேல் இருக்கும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இரண்டு வருடம் மழை பொய்த்துப் பஞ்சம் வந்ததாம். அப்போது மேரி என்ற மகராசி ஒருத்தி இந்தத் தெரு முனையில் அடுப்பு மூட்டி ஊருக்கே கஞ்சி ஊற்றினாளாம். டேனியலுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முந்தைய ஆத்தாள் அவள். அந்த நினைப்பில்தான் ஒவ்வொரு வருடமும் ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மேரி கஞ்சி. பச்சரிசி, பாசிப்பயறு, உரித்த பூண்டு, கொஞ்சம் வெந்தயம். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் தேங்காய்த் துவையலும். இந்து வீட்டுக்காரர்களில் பாதிப் பேர், "அது மேரி இல்ல, எங்க மாரி. வெள்ளக்காரன் வாயில மேரின்னு ஆயிடுச்சு" என்பார்கள். கோயில்களில் கூழ் ஊற்றும் மாதம் ஆகையால் அதுவும் பொருந்தித்தான் போனது. அதற்காக யாரும் சண்டை போட்டதில்லை. கஞ்சி சூடாக இருக்கும்போது சண்டை எதற்கு?

கட்டுப்பாடு இரண்டே இரண்டு. அகப்பை மேரி வூட்டுப் பெண் கையில்தான் இருக்க வேண்டும். கஞ்சி வேண்டியவர் யாராக இருந்தாலும் தாமே வந்து வரிசையில் நிற்க வேண்டும், ஆள் மூலம் தூக்குவாளி அனுப்பக் கூடாது. அரங்கநாதன் வீட்டுக்கும் இதே சட்டம்தான். ஆரோக்கியசெல்வியின் மாமியார் சின்னப்பிள்ளை அந்த வீட்டுக் கரும்பில் தோகை உரித்தவள். அவர்கள் பின்கட்டில் குனிந்து நின்று, எட்ட நின்று ஊற்றிய கூழைக் கையேந்திக் குடித்தவள். அதே சின்னப்பிள்ளை ஆடிக் கடைசி ஞாயிறன்று அகப்பையோடு நிமிர்ந்து நிற்பாள். அரங்கநாதனின் அப்பா அவள் எதிரில் வந்து சொம்பை நீட்டுவார். வருடத்தின் மற்ற நாளெல்லாம் ஒரு பக்கம், அந்த ஒரு காலைப் பொழுது ஒரு பக்கம். சாகும்போது சின்னப்பிள்ளையிடம் மருமகளுக்குக் கொடுக்கக் குண்டுமணித் தங்கம் இல்லை. அகப்பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்கும் முப்பது வருடம் ஆகிறது.

இந்த வருடம் அந்த ஞாயிற்றுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை காலை, நடேசன் வந்தார். அதே தெருவில் பிறந்து, டேனியலோடு படித்து, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். தெரு முனையில் வளைவு கட்டி, நாவற்பேட்டையின் வரலாற்றைக் கருங்கல்லில் வெட்டி வைக்கச் சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. எழுதும் பொறுப்பு அவருக்கு.

"தங்கச்சி, கிரைண்டர நிறுத்து."

"உளுந்து பாதி ஓடுதுண்ணே. நடுவுல நிறுத்துனா பொங்காது. நீ கத்தி சொல்லு, கேக்குது."

"கத்திச் சொல்ற சேதி இல்லம்மா இது."

அவள் நிறுத்தினாள். நடேசன் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஜெராக்ஸ் தாள்களை எடுத்தார்.

"பஞ்சாயத்து ஆபீசு பழய கட்டுங்கள்ல ஒரு காகிதம் கெடச்சுது. அத்தினியும் பிரெஞ்சு. இஸ்கூல்ல படிச்சத வச்சு எழுத்துக் கூட்டிப் பாத்தேன். சந்தேகமா இருந்துச்சு. பிரெஞ்சு டீச்சரம்மா ஒருத்தங்ககிட்ட காட்டி வரி வரியா கேட்டுனு வந்தேன்."

"சொத்து கித்து எழுதி வச்சிருக்காங்களாடா எங்களுக்கு?" என்றார் டேனியல்.

"செத்த நேரம் சும்மா இருடா. தங்கச்சி, பீச்சுல மேரி கட்டடம்னு ஒண்ணு இருக்குதே, தெரியுமா?"

"தெரியாம? இடிஞ்சி வுழுந்து திரும்பக் கட்டுனாங்களே."

"அதுக்கு ஏன் மேரின்னு பேரு?"

"யாராச்சும் மேரியம்மா பேர வச்சிருப்பாங்க."

"அதாம்மா இல்ல. நானும் அப்பிடித்தான் நெனச்சினு இருந்தேன். பிரெஞ்சுல மேரின்னா ஆபீசு. நான் முப்பது வருசம் குந்தியிருந்தேனே கொம்யூன் ஆபீசு, அதுக்கு அந்தக் காலத்துப் பேரு மேரி. இதுல இன்னா எழுதியிருக்குதுன்னா, பஞ்சத்துல நாவற்பேட்டயில மேரி அடுப்பு போட்டு நாப்பத்தோரு நாளு கஞ்சி ஊத்துச்சு. அவ்ளோதான். மேரின்னு ஒரு பொம்பள கெடயாது."

தெருவில் தண்ணீர் கேன் வண்டி ஒன்று மணி அடித்துக்கொண்டு போனது.

"அப்ப நானு ஆபீசுக்குப் பொறந்த வம்சமா?" என்றார் டேனியல். யாரும் சிரிக்காததால் அவரே கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆரோக்கியசெல்வி கையிலிருந்த மாவைக் கிரைண்டர் விளிம்பில் வழித்துவிட்டாள். "ஊத்துனது யாருன்னு போட்டிருக்குதாண்ணே?"

"போடல. வாங்கினவங்க பேரு மட்டும் லிஸ்ட்டா இருக்குது. வூட்டுக்காரன் பேரு, வூட்டுல எத்தினி உசுரு."

"எங்க வூடு?"

"இருக்குது." நடேசன் தாளைப் பார்த்தபடியே சொன்னார். "வாங்கினவங்கள்ல."

பிறகு மிச்சத்தையும் சொன்னார். சங்கத்துப் பொருளாளர் ராஜேஷ், அவென்யூவில் இருக்கும் பேங்க்காரர், நல்ல பிள்ளைதான். ஆபீஸ் ஊற்றிய கஞ்சி என்றால் அது பொதுக் கஞ்சி, இனிமேல் சங்கமே கேட்டரிங் வைத்து நடத்திவிடலாம் என்கிறாராம்.

"அகப்ப?"

"அகப்ப எதுக்கும்மா? கப்புல புடிச்சிக் குடுத்துடுவாங்களாம்."

அவள் விரலில் காய்ந்த மாவை உரித்தாள். நடேசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நானும் இந்தத் தெருவுல பொறந்தவன்தான? எனக்கு மட்டும் ஆசயா? பேசறப்ப ஊத்துச்சுன்னு பேசிட்டுப் போயிடறோம். கல்லுல அப்பிடி எழுத முடியாது. ஒண்ணு ஊற்றினார்னு எழுதணும், இல்லன்னா ஊற்றியதுன்னு எழுதணும். ஞாயித்துக்கெழம கஞ்சி முடிஞ்சதும் கல்லு வெட்ற ஆளு வந்துடுவான். அதுக்குள்ள உனக்குத் தெரியணும்னு வந்தேன்."

அவர் போனபின் கிரைண்டரைப் போட்டாள். உளுந்து பொங்கவில்லை. அன்றைய மாவில் இட்லி கல்லாக இருந்ததென்று மறுநாள் மூன்று பேர் சொன்னார்கள்.

அவள் மனதுக்குள் மாமியாரின் குரலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். சின்னப்பிள்ளை ஒரு நாளாவது ஊத்துனா என்றோ ஊத்துனாங்க என்றோ சொன்னாளா? இல்லை. "மேரி ஊத்துச்சுடி, ஊரே குடிச்சுது" என்றுதான் சொல்வாள். அதில் யாருக்கும் எந்தக் குறையும் தெரிந்ததில்லை. இந்தப் பக்கத்தில் பெண்களைப் பற்றிப் பேசுகிற பேச்சே அப்படித்தானே? அக்கா வந்துச்சு. அண்ணி கோச்சிக்குச்சு. எதிர்வீட்டுத் தனக்கொடி மார்க்கெட்டுக்குப் போச்சு. ஆபீஸ் ஊற்றினாலும் ஊத்துச்சு, ஆத்தாள் ஊற்றினாலும் ஊத்துச்சு. அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு பெண் புகுந்து, நூறு வருடம் குடியிருந்திருக்கிறாள். பொய் சொன்னவர் என்று யாரையும் கை காட்ட முடியவில்லை. அதைத்தான் அவளால் இன்னும் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணி வெயிலில் அரங்கநாதன் வந்தார். எழுபத்து நாலு வயது. மாவு வேண்டுமென்றால் தெருவிலிருந்தே கூப்பிடுகிறவர், அன்று குனிந்து உள்ளே வந்து, ஈர உளுந்து மணக்கும் அந்த முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆரோக்கியசெல்வி மோர் கொடுத்தாள். மீதம் வைக்காமல் குடித்தார்.

"நடேசன் சொன்னாராமே உன்கிட்ட?"

"சொன்னாருங்க ஐயா."

"காகிதம்னா ஆயிரம் இருக்கும், செல்வி. எவனோ பிரெஞ்சுக்காரன் எழுதுனது. ஊருக்குத் தெரியாததா அவனுக்குத் தெரியும்? நான் நடேசன்கிட்ட சொல்லி வச்சிட்டேன். மேரி மேரியாவே இருக்கட்டும். கஞ்சியும் நீயே ஊத்து. அந்த ராஜேஷு பையன் கிட்டயும் பேசிடறேன். இன்னா சொல்ற?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிடக் கை எழுந்தது. பாதியில் ஏனோ நின்றது. இந்த மனிதர் இந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. டேனியலின் அப்பா செத்தபோதுகூடத் தெருவோடு போனவர்.

"உங்களுக்கு எதுக்குங்க ஐயா இந்த வெயில்ல இத்தினி செரமம்?"

அரங்கநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். திரும்ப எடுத்தார்.

"எங்க வூட்டுல ஒரு பேச்சு உண்டு. மேரிக்கு மூணு வண்டி நெல்லு குடுத்தது எங்க கொள்ளுத் தாத்தான்னு."

"கேள்விப்பட்டிருக்கேன்."

"அந்த லிஸ்ட்டுல பதினொன்னாவது பேரு அவருது." அவர் குரல் கிரைண்டரைப் பார்த்துப் பேசுவதுபோல இருந்தது. "ஏழு உசுருக்கு வாங்கியிருக்காரு. நெலம் அத்தினி காணி இருந்துச்சு. வெளஞ்சாத்தான? கையில பாத்திரத்த எடுத்துனு வந்து… இந்தத் தெரு மொனையில… எல்லாரோடயும் நின்னிருக்காரு."

அவள் அவர் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"ஆபீசு கதைய வெட்டுனா அந்த லிஸ்ட்டையும் வெட்டுவாங்க. கல்லுல அது ஏறக்கூடாதும்மா. எம் பேரன் பேத்திங்க படிக்கும். உன் மேரி உனக்கு இருக்கட்டும். எங்க நெல்லு எங்களுக்கு இருக்கட்டும்."

அவர் எழுந்து வாசலில் செருப்பைத் தேடும்போது, அதை எடுத்துப் போட அவள் குனியவில்லை. அவரே தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் பயற்றில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேகம் கட்டியிருந்தது. டேனியல்தான் ஆரம்பித்தார்.

"பேசாம அவரு சொன்னபடி விட்டுடு. அகப்ப நம்மகிட்டயே இருக்கும் இல்ல?"

"இருக்கும். அவரு குடுத்து இருக்கும்."

"யாரு குடுத்தா இன்னா?"

"உங்கம்மா அத யாரு குடுத்தும் புடிக்கல. அந்த ஒரு நாளு அது யாருக்கும் கடமப்படல. இப்ப நான் தலயாட்டுனா, நாளைக்கு அவரு சொம்ப நீட்டறப்ப என் கையி தானா தாழும். எனக்குத் தெரியும் என் கைய."

"தலயாட்டலன்னா அகப்பயே போயிடும்டி."

"ஆமா." ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தெருவில் எறிந்தாள். "ரெண்டு நாளா அதத்தான் நெனச்சினு இருக்கேன்."

முறத்துப் பயற்றை ஒரு புடை புடைத்தாள். பிறகு திடீரென்று அவள் கேட்டாள். "ஏங்க, ஆபீசு ஊத்துச்சுங்கறாங்களே, அதுக்குக் கையி இருக்குதா?"

"எந்த ஆபீசுக்குடி கையி இருக்குது?"

"நாப்பத்தோரு நாளு எப்பிடிக் கிண்டுச்சு, அப்ப?"

டேனியல் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் இரண்டு அண்டாவும் இறங்கிவிட்டன. புகை தெருவை விட்டுப் போகவில்லை. பழைய ஊர் முழுக்க வரிசையில் நின்றது. நகர்களிலிருந்தும் ஆட்கள் ஸ்டீல் டப்பாவோடு வந்திருந்தார்கள். வழக்கம்போல அரங்கநாதன் வெள்ளை வேட்டியில், அவர் பின்னால் அவர் மனைவி கஸ்தூரி. நடேசன் ஜெராக்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றார்.

ஆரோக்கியசெல்வி அகப்பையைக் கையில் எடுத்தாள். ஊற்றவில்லை.

"ஒரு சேதி சொல்லணும்" என்றாள். நாலு பேருக்கு மேல் இருந்தால் பேசிப் பழகாதவள். குரல் முதலில் உடைந்து, பிறகு வந்தது. "மேரின்னு யாரும் இல்லயாம். மேரின்னா கொம்யூன் ஆபீசாம். நடேசண்ணங்கிட்ட காகிதம் இருக்குது. எங்க வூட்டுக்காரங்களும் வரிசயில நின்னு வாங்கினவங்கதானாம்."

"போடி இவளே!" என்றாள் தனக்கொடி வரிசையிலிருந்து. "ஆபீசாம் ஆபீசு. எங்க மாரியாத்தாதான் அது. காகிதத்துக்கு இன்னா தெரியும்?"

"நீ மாரின்னு வச்சிக்க, நான் வோணாங்கல. ஆனா மாரியா இருந்தாலும் ஆபீசா இருந்தாலும், பொகையில நின்னு கிண்டுனது யாரோ ஒரு பொம்பளதான? நாப்பத்தோரு நாளு கிண்டியிருக்கா. வாங்கினவங்க பேர எல்லாம் எழுதுனான், கிண்டுனவ பேர எழுத எவனுக்கும் தோணல. அவ எங்க வூட்டவளா இருக்கலாம். இல்லாமயும் போவலாம். தனக்கொடி வூட்டவளா இருக்கலாம். கஸ்தூரியம்மா வூட்டவங்களாக்கூட இருக்கலாம். அதனால இந்த அகப்ப எனக்கு மட்டும்னு இனிமே சொல்லிக்க மாட்டேன். சமச்சிட்டேன். யாராச்சும் வந்து ஊத்துங்க."

ராஜேஷ் முன்னால் வந்தார். "ஆன்ட்டி, அதுக்குத்தான் நாங்க கேட்டரிங்…"

"கேட்டரிங்காரன் ஊத்துனாலும் ஆபீசு ஊத்துன மாதிரிதான் தம்பி. அவன் பேரும் யாருக்கும் தெரியாது. உங்க வூட்டுக்காரம்மாவ அனுப்புங்க, ஊத்தட்டும். இல்லன்னா நீங்களே ஊத்துங்க."

அவர் சிரித்துக்கொண்டு பின்வாங்கினார். கூட்டம் கசமுசவென்று பேசியது. இரண்டு பேர் டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். யாரோ கேட்டார்கள். "நடேசன் சாரு, வாங்கினவங்க பேரு இருக்குதுன்னு சொல்லுதே, யாரு யாரு? படிங்களேன்."

நடேசன் தாளைப் பிரித்தார். அரங்கநாதனைப் பார்த்தார். தாளை மடித்தார். ஆரோக்கியசெல்வி அடுப்பிலிருந்த விறகைத் தள்ளுவதுபோலக் குனிந்துகொண்டாள். அவள் அதைச் சொல்லப்போவதில்லை என்பது அந்தக் குனிதலிலேயே தெரிந்தது.

வரிசை அசையாமல் நின்றது. அரங்கநாதன் இருமினார்.

"பதினொன்னாவது எங்க கொள்ளுத் தாத்தா" என்றார் உரக்க, யாரையோ அதட்டுவதுபோல. "ஏழு உசுருக்கு வாங்கினாரு. போதுமா? வரிச நவுரட்டும், வெயிலு ஏறுது."

கஸ்தூரிதான் அவரைத் தாண்டி முன்னால் வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். எழுபது வயது, பருத்த உடம்பு, மூச்சு வாங்கியது. ஆரோக்கியசெல்வியின் கையிலிருந்து அகப்பையை வாங்கினாள். அது அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைத்திருக்க மாட்டாள். முதல் அகப்பைக் கஞ்சி பாதி தரையில் போனது.

"பாத்துமா" என்றாள் தனக்கொடி. "ஒரு ஆளுக்கே அண்டாவ காலி பண்ணிடாத."

"வாய மூடிக்கினு சொம்பக் கிட்ட புடிடி" என்றாள் கஸ்தூரி. "எம் மாமியாருகூட என்ன இப்பிடி மெரட்டுனதில்ல."

சிரிப்பு வரிசை நெடுகப் போனது. அந்தச் சிரிப்பில் வரிசை நகரத் தொடங்கியது. ஐம்பது பேருக்குப் பிறகு கஸ்தூரி கை ஓய்ந்து அகப்பையைத் தனக்கொடியிடம் கொடுத்தாள்.

நடேசன் ஆரோக்கியசெல்வியின் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "கல்லுக்காரன் பத்து மணிக்கு வர்றான், தங்கச்சி. ஊற்றினாரா, ஊற்றியதா?"

"நம்ம பேசுற மாதிரியே போட்டா கல்லு ஒடஞ்சிடுமா?"

"இலக்கணப் பிழைம்பாங்கம்மா."

"இருந்துட்டுப் போவட்டும். நம்ம ஊரு கல்லுதான?"

டேனியல் மாவு அளக்கும் எவர்சில்வர் சொம்பைக் கழுவி அவளிடம் நீட்டினார். "போ. நீயும் போயி நில்லு."

முன்னால் விடுகிறோம் என்று நாலு பேர் கூப்பிட்டார்கள். அவள் கடைசியில் போய் நின்றாள். முப்பது வருடமாக இந்தத் தெருவை அவள் அண்டாவின் பக்கமிருந்துதான் பார்த்திருந்தாள். முகங்கள் வரும், சொம்புகள் வரும், போகும். ருசி பார்க்காமல் சமைப்பதும், ஊருக்கு ஊற்றிவிட்டுத் தான் குடிக்காமல் இருப்பதும் மேரி வூட்டு வழக்கம். இங்கிருந்து பார்த்தால் எல்லோருக்கும் முதுகு. வியர்வையில் நனைந்த ரவிக்கை, பவுடர் பூசிய பிடரி, பேங்க்காரர் சட்டையில் எடுக்க மறந்த ஸ்டிக்கர். சொம்பை எந்தக் கையில் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் நின்றவரைப் பார்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தனக்கொடி நிரம்ப ஊற்றினாள். ஓரமாகப் போய், ஊதி, ஒரு வாய் குடித்தாள்.

இன்னொரு வாய் குடித்தாள்.

"இன்னாடி இது" என்றாள். "உப்பே இல்ல!"

தனக்கொடி அகப்பையை அந்தரத்தில் நிறுத்தினாள். "ஒனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

"எப்பவுமே இப்பிடித்தானா?"

"எப்பவுமே."

"முப்பது வருசமா ஏண்டி எவளும் வாயத் தொறக்கல?"

"மேரி வூட்டுக் கஞ்சியப் போயி எப்பிடிடி கொற சொல்றது? கண்ணு அவிஞ்சி பூடாதா?"

சுவரோரம் நின்று குடித்துக்கொண்டிருந்த அரங்கநாதன் வாயைத் துடைத்தார். "எங்கப்பா காலத்துலேந்தே அப்பிடித்தான்" என்றார். "உன் மாமியாரும் கம்மியாத்தான் போடும். நாங்க வூட்டுக்குப் போயி உப்பு போட்டுக்குவோம்."

ஆரோக்கியசெல்வி அவரைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு அத்தனை பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அது நிலைக்கவில்லை. விடுவிடுவென்று உள்ளே போய்க் கல்லுப்பு ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கஸ்தூரியின் முன்னால் அதைத் திறந்தாள்.

"எத்தினி கையி வோணுமோ போடுங்கம்மா" என்று துடுப்பை எடுத்து, மிச்சமிருந்த இரண்டாவது அண்டாவுக்குள் விட்டாள். "நான் கிண்டறேன்."